எச்சில் முழுங்கினாலே நெஞ்சுக்குள்ள வலி, கேஸ் மருந்து கேக்கலை. வேற என்னவா இருக்கும்?

#1 பாவடி
செவ்வாய், இரவு 11.40

வணக்கமுங்க. ரெண்டு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும் போறவன், முதல் தடவை எழுதறேன். வயசு 27, ஊரு ஈரோட்டுப் பக்கம். சுகர், பிரஷர் எதுவும் கிடையாது. தண்ணி, சிகரெட் இல்லை. வாரத்துல நாலு நாள் ஷட்டில் ஆடறவன்.

போன வியாழக்கிழமை உடம்பெல்லாம் வலி, 101 காய்ச்சல், தொண்டை லேசாக் கரகரன்னு இருந்துச்சு. ஊர்ல எல்லாருக்கும் வர்றதுதானேன்னு பாராசிட்டமால் போட்டுப் படுத்துட்டேன். சனிக்கிழமை மத்தியானம் ரசஞ்சோறு. முதல் வாய் முழுங்கறேன், அது எங்க போயிட்டிருக்குன்னு வெளிய இருந்து விரல் வச்சுக் காட்டிடலாம், அப்படி ஒரு வலி. தொண்டையில இல்லீங்க. நெஞ்செலும்புக்குப் பின்னால, நட்ட நடுவுல. அந்தக் கவளம் அந்த இடத்தைத் தாண்டற வரைக்கும் தட்டைப் புடிச்சுட்டு மூச்சு விடாம உக்காந்திருந்தேன்.

அன்னைக்கு ராத்திரி இட்லி முடியலை. ஞாயித்துக்கிழமை கஞ்சி முடியலை. இப்ப எச்சில் முழுங்கினாலே வலி. தலைமாட்டுல ஒரு சொம்பு வச்சு அதுல துப்பிட்டிருக்கேன். அம்மா அந்தச் சொம்பைப் பாத்துப் பாத்து அழுவுது.

மெடிக்கல்ல கேஸுக்குன்னு ரோஸ் கலர் சிரப்பும் பேன்டோப்ரசோலும் குடுத்தாங்க, மூணு நாளாச்சு, ஒரு மாத்தமும் இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு தொண்டை சுத்தமா இருக்குன்னு சொல்லி அசித்ரோமைசின் எழுதினாரு. நாளைக்கு கேஸ்ட்ரோ டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கு. ஆறு வாரத்துல கல்யாணம். நெட்ல தேடினா கேன்சர்னு வருது. யாருக்காச்சும் இப்படி வந்திருக்குங்களா?

#2 செம்பருத்தி62
புதன், காலை 5.55

தம்பி, கல்யாண அலைச்சல்ல உடம்பு சூடேறிப் போச்சு. மணத்தக்காளிக் கீரையைத் தேங்காப்பால் ஊத்தி, உப்பு கம்மியாப் போட்டு ரெண்டு நாள் குடிங்க. வாய்ப்புண், வயித்துப்புண் எல்லாத்துக்கும் எங்க வீட்டுல அதுதான். சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிங்க. கேன்சர் கீன்சர்னு தேடாதீங்க.

#3 ராப்பறவை
புதன், காலை 7.10

நைட் ஷிப்ட் முடிச்சுட்டு பஸ்ல வரும்போது படிச்சேன். ப்ரோ, எனக்கு இதே வலி வந்தது. இதே இடம், இதே சொம்பு (என்னுது பெப்சி பாட்டில்). காரணம் என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின். ராத்திரி படுக்கும்போதுதான் ஞாபகம் வரும், எழுந்து தண்ணி எடுக்கச் சோம்பல், எச்சில்லயே முழுங்கிட்டுப் படுத்துடுவேன். மாத்திரை பாதி வழியில ஒட்டிக்கிட்டு அங்கயே கரைஞ்சு பொத்துப் போட்டிருச்சு. மாத்திரையை நிறுத்தி ஒரு வாரத்துல சரியாப்போச்சு. அந்த மாதிரி ஏதாவது மாத்திரை எடுத்தீங்களா?

#4 மூணாம் ஷிப்டு
புதன், காலை 8.25

எண்டோஸ்கோபி அறையில ஒன்பது வருஷமா செவிலியரா இருக்கேன். டாக்டர் இல்லை, அதை முதல்லயே சொல்லிடறேன்.

பாவடி, நீங்க எழுதினதுல ஒரு விஷயம் முக்கியம். சாப்பாடு சிக்கிக்கிட்டு இறங்க மாட்டேங்குதுன்னு நீங்க சொல்லலை. இறங்குது, இறங்கும்போது வலிக்குதுன்னு சொல்றீங்க. ரெண்டும் வேற வேற. சாதாரண நெஞ்செரிச்சல்ல எரியும், புளிச்சு மேல வரும், ஆனா எச்சிலைத் துப்ப சொம்பு வைக்கிற அளவுக்கு வராது. ரெண்டே நாள்ல இப்படி உச்சத்துக்குப் போனா உணவுக்குழாயோட உள்தோல்ல புண் இருக்கணும். 27 வயசுல, ஒரு வாரக் கதையில, கேன்சர் கடைசியா யோசிக்க வேண்டியது.

டாக்டர் கேக்கப்போறதை இப்பவே யோசிச்சு வச்சுக்குங்க. டாக்ஸிசைக்ளின், இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை, எலும்புத் தேய்மான மாத்திரை, பொட்டாசியம் மாத்திரை ஏதாவது போட்டீங்களா? ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு பஃப் இழுக்கிறீங்களா? (இழுத்துட்டு வாய் கொப்பளிக்காம விட்டா பூஞ்சை வெள்ளையாப் படியும்.) உதட்டுல, வாய்ல கொப்புளம் வந்ததா? வீட்டுல வேற யாருக்காவது?

ரத்த வாந்தி, கரி மாதிரி கறுப்பா மலம், தண்ணிகூட இறங்கலை, ஒண்ணுக்கு ரொம்பக் குறைஞ்சிடுச்சு, திடீர்னு நெஞ்சே பிளக்கற மாதிரி வலி... இதுல எது வந்தாலும் டோக்கனுக்குக் காத்திருக்காதீங்க, நேரா அவசரப் பிரிவு. இன்னொண்ணு, படிக்கிற மத்தவங்களுக்கு: நெஞ்சுல வலின்னா முதல்ல ஈ.சி.ஜி. கேஸா இருக்கும்னு நினைச்சு வீட்டுலயே உக்காந்துட்டு லேட்டா வந்தவங்களை நிறையப் பாத்துட்டேன்.

#5 பாவடி
புதன், காலை 9.02

மாத்திரை எதுவும் கிடையாதுங்க. பஃப் இல்லை. எனக்கு உதட்டுலயும் ஒண்ணும் இல்லை.

ஆனா நீங்க கேட்ட பிறகு ஒண்ணு ஞாபகம் வருது. அக்கா பையனுக்கு ரெண்டு வயசு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வாயெல்லாம் கொப்புளம், ஈறு வீங்கி ரத்தம், நாலு நாள் காய்ச்சல். பால்கூடக் குடிக்கலை. அவன் கடிச்சுப் போட்ட பிஸ்கட்டு, மிச்சம் வச்ச ராகிக்கூழு எல்லாம் நான்தான் தின்னேன். மாமன்னா அப்படித்தானுங்களே.

#6 மூணாம் ஷிப்டு
புதன், காலை 9.15

இதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்லுங்க. மறக்காதீங்க. ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடாமப் போங்க, இன்னைக்கே குழாய் விட்டுப் பாக்கலாம்னு சொன்னாலும் சொல்வாங்க.

#7 சும்மா வந்தேன்
புதன், காலை 10.30

கல்யாணத்துக்கு முன்னாடி வந்திருக்குன்னா... நல்லா யோசிச்சுப் பாருங்க பாஸ். இங்க எல்லாத்தையும் எழுத வேண்டியதில்லை, டாக்டர்கிட்டயாவது எதையும் மறைக்காதீங்க.

#8 பாவடி
புதன், இரவு 9.20

பாத்தாச்சுங்க. தொண்டையில மரத்துப்போற ஸ்ப்ரே அடிச்சாங்க, கசப்பு. பல்லுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் வளையம், இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வச்சாங்க. குழாய் சுண்டு விரல் தண்டி இருக்கும். அஞ்சு நிமிஷம்தான். ஆனா புண்ணு இருக்கற இடத்துல அது உரசினப்ப கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பக்கத்துல இருந்த நர்ஸம்மா முதுகைத் தடவிக் குடுத்துட்டே இருந்தாங்க, அது பெரிய ஒத்தாசை.

அப்புறம் டாக்டர் படம் காட்டினாரு. நடுவுல இருந்து கீழ் வரைக்கும் சின்னச் சின்னக் குழி, ஒவ்வொண்ணும் ஓரம் தடிச்சு எழும்பி, நடுவுல பள்ளமா. பணியாரச் சட்டி மாதிரி இருந்துச்சு. வயிறு சுத்தமா இருக்குதாம். "இது ஆசிட் புண் இல்லை தம்பி, வைரஸ் மாதிரி தெரியுது, ஹெர்பிஸா இருக்கலாம்"னு சொல்லிட்டு சதை எடுத்து அனுப்பியிருக்காரு. ரிசல்ட் சனிக்கிழமை.

ஹெர்பிஸ்னு சொன்னதும் பக்கத்துல இருந்த எங்க மாமா (அக்கா வீட்டுக்காரர்) போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சுட்டாரு. கார்ல திரும்பி வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

#9 நுங்கு வண்டி
புதன், இரவு 10.48

என் பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம். திசு நோயியல் ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக ஸ்லைடு பார்க்கிறேன். உங்கள் மாமாவுக்காகக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹெர்பிஸ் என்பது ஒரு நோயின் பேர் இல்லை, ஒரு பெரிய குடும்பத்தின் பேர். மனிதனுக்கு வருகிறவை அதில் எட்டு. சின்னம்மை அந்தக் குடும்பம். அதே அம்மை வைரஸ் வருஷங்கள் கழித்து நரம்பிலிருந்து கிளம்பி வரிசையாகக் கொப்புளம் போட்டால் அக்கி, குயவர் வீட்டுக்குப் போய்க் காவியில் அக்கி எழுதி வருவார்களே, அது. மாமா வீட்டில் யாருக்கும் அம்மை போட்டதில்லையா என்று கேளுங்கள்.

உங்களுக்கு டாக்டர் சந்தேகப்படுவது அநேகமாக எளிய ஹெர்பிஸ் வைரஸ் (எச்.எஸ்.வி.), முதல் வகை. காய்ச்சல் வந்தபின் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வருமே, அதற்குக் காரணமானவன். ஒன்று என்று நம்பரும் போட்டுக்கொள்ளுங்கள், இரண்டாம் வகைதான் பெரும்பாலும் பிறப்புறுப்பில் வருவது. உலகத்தில் 50 வயதுக்குள் இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரிடம் முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே, முத்தத்தில், எச்சில் பட்ட டம்ளரில் வந்துவிடுகிறது. பிறகு நரம்பு முடிச்சுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், உடம்பை விட்டுப் போகவே போகாது. பலருக்கு ஒரு கொப்புளம்கூட வந்திருக்காது. உங்கள் அக்கா பையனுக்கு வந்தது இதே வைரஸின் முதல் வரவாக இருக்க நல்ல வாய்ப்பு, ஈறு வீங்கியது என்று சொன்னதால் சொல்கிறேன். கை, கால், வாய் மூன்றிலும் கொப்புளம் என்றால் அது வேறு வைரஸ்.

இனி ஸ்லைடு. டாக்டர் எடுத்தது இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்குகள், மிளகில் பாதி. ஃபார்மலினில் ஊறி, மெழுகில் புதைந்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏறி என் மேசைக்கு வரும். புண்ணின் எந்த இடத்திலிருந்து எடுத்தார்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. இந்த வைரஸ் உயிரோடிருக்கும் மேல்தோல் செல்லில்தான் குடியிருக்கும். புண்ணின் நடுப்பள்ளத்தில் அந்தத் தோலே உரிந்து போயிருக்கும், அங்கே எடுத்தால் சீழும் சிதைந்த செல்லும்தான் மிஞ்சும். ஓரத்தில் எடுக்க வேண்டும். இதன் பங்காளி ஒருவன் இருக்கிறான், சைட்டோமெகலோ வைரஸ் (சி.எம்.வி.). அவன் நேர் எதிர், பள்ளத்தின் அடியில் இருக்கும் ரத்தக்குழாய்ச் செல்களில் உட்கார்ந்திருப்பான். அதனால் நல்ல எண்டோஸ்கோபிக்காரர் ஓரத்திலும் எடுப்பார், அடியிலும் எடுப்பார், புட்டியில் தெளிவாக எழுதியும் அனுப்புவார். "உணவுக்குழாய் புண்" என்று ஒற்றை வரி எழுதி ஒற்றைத் துணுக்கை அனுப்புகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசினால் விடிந்துவிடும்.

பார்க்கும்போது என்ன தெரியும் என்றால், ஒரு பனங்காயைச் சீவினால் உள்ளே மூன்று நுங்குக் கண் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருக்குமே, அதேதான். ஒரே செல்லுக்குள் பல உட்கரு, ஒன்றின் மேல் ஒன்று அழுந்தி. ஒவ்வொன்றின் நடுவும் தேய்த்த கண்ணாடி மாதிரி மங்கி, கரும்பொருள் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கி, ஓரம் மட்டும் முறுகிய தோசை போல இருக்கும். ஒருமுறை பார்த்தவன் மறக்க மாட்டான். சந்தேகமிருந்தால் எதிர்ப்பொருள் சாயம், பி.சி.ஆர். ரத்தத்தில் ஹெர்பிஸ் ஐ.ஜி.ஜி. (பழைய தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) எடுக்கச் சொன்னால் மட்டும் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது பாசிட்டிவ்தான், இந்தப் புண்ணுக்கு அது சாட்சி ஆகாது.

#10 ராப்பறவை
புதன், இரவு 11.05

நுங்கு வண்டின்னு பேர் வச்சதுக்கு இன்னைக்குத்தான் அர்த்தம் புரிஞ்சது.

#11 சும்மா வந்தேன்
வியாழன், காலை 9.40

எல்லாம் சரி. ஆனா நான் படிச்ச வரைக்கும் உணவுக்குழாய் ஹெர்பிஸ் எய்ட்ஸ் நோயாளிக்கும், கிட்னி மாத்தினவங்களுக்கும், கீமோ எடுக்கிறவங்களுக்கும்தான் வரும். ஆரோக்கியமா இருக்கிற ஆளுக்கு வராது. டாக்டர் எதையோ சொல்லாம விடுறாரு.

#12 நுங்கு வண்டி
வியாழன், பகல் 1.15

"அவர்களுக்கு அதிகம்" என்பதும் "மற்றவர்களுக்கு வராது" என்பதும் ஒன்றில்லை.

2000-ஆம் ஆண்டிலேயே எதிர்ப்புச் சக்தியில் குறையில்லாத 38 பேரின் விவரங்களைச் சேர்த்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. ஒரு வயதுக் குழந்தையிலிருந்து 76 வயதுக்காரர் வரை. ஆண்கள், பெண்களைப்போல் மூன்று மடங்கு. நான்கில் மூன்று பேருக்கு முழுங்கும்போது வலி, பாதிப்பேருக்கு நெஞ்செரிச்சல், பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் காய்ச்சல். வாயிலோ தொண்டையிலோ புண் இருந்தது ஐந்தில் ஒருவருக்குத்தான். பாவடியின் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்துச் சுத்தம் என்றாரே அந்த டாக்டர், அவர் சொன்னது பொய்யில்லை, புண் அவருடைய டார்ச்சுக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அதற்கு அசித்ரோமைசின் எதற்கு என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்த 38 பேரில் இரண்டு பேருக்கு ரத்தக் கசிவு, ஒருவருக்கு உணவுக்குழாயில் ஓட்டை. மற்றபடி பெரும்பாலும் தானாக ஆறியது. அரிது, அவ்வளவுதான். குழாய் விட்டுப் பார்க்காமல் "கேஸ்" என்று மருந்து வாங்கிச் சாப்பிட்டு, பத்து நாளில் தானாக ஆறி, "அந்த சிரப்புதான் கேட்டது" என்று நம்புகிறவர்களும் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

#13 வடலி
வியாழன், பின்னேரம் 4.30

நான் யாழ்ப்பாணம். ஒரு சின்ன விசயம். எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில உணவுக்குழாய்க்குக் 'களம்' எண்டுதான் பேர். இந்த இழையை வாசிக்கத் தொடங்கினவுடன பழைய உயிரியல் ரீச்சர் கரும்பலகையில படம் கீறினது ஞாபகம் வந்திட்டுது. மனுசருக்கு ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர் நீளம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. அந்தச் சாண் நீளத்துக்குள்ள இவ்வளவு வேதனையா.

தம்பி, என்ர அண்ணாவுக்கும் காய்ச்சலோட இப்பிடி வந்து, வைரஸ் எண்டுதான் சொன்னவை. மருந்து ஒண்டும் குடுக்கேல்லை, பாலும் ஐஸ் போட்ட இளநீரும்தான். பத்து நாளில சுகம்.

#14 பாவடி
சனி, மாலை 6.10

ரிப்போர்ட் வந்துடுச்சுங்க. நுங்கு வண்டி அண்ணன் எழுதினது வரிக்கு வரி அப்படியே இருக்குது: பல உட்கரு, தேய்த்த கண்ணாடி, ஓரத்துக்கு ஒதுங்கினது. எச்.எஸ்.வி. சாயம் பாசிட்டிவ், சி.எம்.வி. நெகட்டிவ், பூஞ்சை இல்லை.

ஆனா வேற ஒரு விசயத்துல மனசு கெட்டுப் போச்சு. புதன்கிழமை ரத்தம் எடுத்தாங்க. சுகர், ரத்த அணுன்னுதான் சொன்னாங்க. இன்னைக்கு பில்லைப் பாத்தா அதுல எச்.ஐ.வி. டெஸ்ட்டும் இருக்குது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலை. நெகட்டிவ்தான் வந்துது, அது வேற. ஆனா பில்லு கட்டினது எங்க மாமா. அந்த வரியில விரலை வச்சுட்டு என் மூஞ்சியப் பாத்தாரு பாருங்க.

#15 ராப்பறவை
சனி, மாலை 6.30

இது அநியாயம். ஒரு வாய்ப்புண் வைரஸுக்கு எதுக்கு எச்.ஐ.வி. டெஸ்ட்? ஆளைப் பாத்தாலே தெரியலையா? அவமானப்படுத்தறது மாதிரி இருக்கு.

#16 மூணாம் ஷிப்டு
சனி, இரவு 8.50

ராப்பறவை, ரெண்டு விஷயத்தைச் சேத்துக் குழப்பிக்காதீங்க.

டெஸ்ட் எடுத்தது சரி. உணவுக்குழாய்ல ஹெர்பிஸ்னா இவருக்கு எதிர்ப்புச் சக்தி சரியா இருக்கான்னு பாத்தே ஆகணும். சும்மா வந்தேன் சொன்ன அந்தப் பட்டியல் அதுக்குத்தான் உதவும், ஆளை எடை போட இல்லை. எச்.ஐ.வி. புதுசாத் தொத்தின சமயத்துலயே காய்ச்சலும் உணவுக்குழாய்ப் புண்ணும் வர்றது உண்டு. "ஆளைப் பாத்தாலே" ஒண்ணும் தெரியாது, ஒன்பது வருஷத்துல நான் கத்துக்கிட்டது அது.

ஆனா கேக்காம எடுத்தது தப்பு. பெரிய தப்பு. 2017-ல வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் எடுக்கணும். முடிவையும் அவர்கிட்டத்தான் சொல்லணும், பில்லு கட்ட வந்த மாமாகிட்ட இல்லை. பாவடி, அங்க கண்காணிப்பாளருக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. மருத்துவத்துல குறை சொல்ல வேண்டாம், இதை மட்டும் எழுதுங்க.

படிக்கிற வேற யாருக்காவது சந்தேகம் இருந்தா, அரசு ஆஸ்பத்திரில நம்பிக்கை மையம்னு இருக்கும். இலவசம், ரகசியம், முன்னாடியும் பின்னாடியும் உக்கார வச்சுப் பேசுவாங்க. 1097-க்கு போன் பண்ணியும் கேக்கலாம். சமீபத்துல ஏதாவது நடந்து பயம் இருந்தா ஒரு நெகட்டிவோட விடாதீங்க, எப்ப திரும்ப எடுக்கணும்னு அவங்களே தேதி சொல்வாங்க.

#17 சும்மா வந்தேன்
சனி, இரவு 9.15

நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே. எச்சரிக்கையாத்தான் சொன்னேன்.

#18 நெறியாளர்
சனி, இரவு 9.40

#7 எச்சரிக்கை மாதிரி எனக்குப் படலை. கேள்வி கேட்டவரோட அந்தரங்கத்தை ஊகிச்சு எழுதற பதிவு இனி வந்தா நீக்கப்படும். இழை தொடரட்டும்.

#19 பாவடி
ஞாயிறு, காலை 8.00

டாக்டர் அசைக்ளோவிர் எழுதியிருக்காரு, 400 மில்லிகிராம் மூணு வேளை, பத்து நாள். தண்ணியில கரைச்சுக் குடிக்கற வகை. கூடவே சாப்பாட்டுக்கு முன்னாடி குடிக்க மரத்துப்போற கொழகொழ மருந்து. வடலி அண்ணன் அவங்க அண்ணனுக்கு மருந்தே குடுக்கலைங்கறாரு. இது தேவைதானுங்களா? கல்யாண நேரத்துல ஏதாவது பின்விளைவு வந்துடுமோன்னு அம்மா பயப்படுது.

#20 நுங்கு வண்டி
ஞாயிறு, காலை 10.20

இதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானாக ஆறுகிற புண், எதற்கு மருந்து என்பது ஒரு கட்சி. எச்சில்கூட முழுங்க முடியாமல் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது இரண்டு மூன்று நாள் முன்னதாக ஆறினாலும் லாபம்தானே, ரத்தக் கசிவு, ஓட்டை என்று போகாமலும் பார்த்துக்கொள்ளலாமே என்பது இன்னொரு கட்சி. இத்தனை அரிதான நோய்க்கு ஆயிரம் பேரை வைத்துச் சோதனை நடத்த ஆள் கிடைக்காது, அதனால் அடித்துச் சொல்ல முடியாது. வலி தணிந்த பத்தாம் நாளில் நான் முதல் கட்சி. சொம்பு வைத்திருக்கிற நாளில் இரண்டாம் கட்சி.

மருந்தைப் பற்றி அம்மாவிடம் சொல்ல ஒரு விஷயம். அசைக்ளோவிர் உள்ளே போகும்போது பூட்டிய பெட்டி. அதைத் திறக்கிற சாவி வைரஸின் நொதியிடம்தான் இருக்கிறது. வைரஸ் புகுந்த செல்லில் அதுவே திறந்து, அதுவே மாட்டிக்கொள்ளும். மற்ற செல்களில் மருந்து ஏறக்குறைய சும்மா கிடந்துவிட்டுப் போகும். இந்த மருந்து பிறந்தது கெர்ட்ரூட் எலியன் என்ற அம்மாள் நடத்திய ஆய்வகத்தில். முனைவர் பட்டம் வாங்காதவர், 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டார். எனக்கு அவர் மேல் ஒரு தனி மரியாதை, அதனால் எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிவிடுவேன்.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து.

#21 மூணாம் ஷிப்டு
ஞாயிறு, காலை 11.00

மரத்துப்போற மருந்தைக் குடிச்ச உடனே சூடா எதுவும் குடிக்காதீங்க, சுடறதே தெரியாது. புரையேறாமப் பாத்துக்குங்க. ரசம், புளி, மிளகாய், எலுமிச்சை, முறுக்கு எல்லாத்துக்கும் ஒரு வாரம் லீவு. ஆறின பால், மோர், குழையக் குழைய வடிச்ச சோறு, இளநீர். செம்பருத்தி அம்மாவோட தேங்காப்பால் குடிக்கலாம், ஆறவச்சு. அது புண்ணை ஆத்தும்னு சொல்ல மாட்டேன், வயித்துக்கு ஏதோ போகும், அம்மாவுக்கும் நிம்மதி.

மத்தவங்க இந்த அளவைப் பாத்து மெடிக்கல்ல வாங்காதீங்க. ராப்பறவைக்கு வந்ததும் இதே வலிதான், அவருக்கு இந்த மருந்து குடுத்திருந்தா ஒரு பலனும் இருந்திருக்காது.

#22 செம்பருத்தி62
ஞாயிறு, பகல் 12.30

மாத்திரையும் குடிங்க, கீரையும் குடிங்க. நான் ஒண்ணும் மாத்திரை வேணாம்னு சொல்லலையே.

#23 தெம்பனிஸ் அக்கா
திங்கள், மாலை 5.45

சிங்கப்பூர்லேர்ந்து எழுதறேன். யாரும் சொல்லாததால இதைச் சொல்லிடறேன். என் மகனுக்குப் பதினாறு வயசுல இதே ஹெர்பிஸ் புண் வந்துச்சு, ஆறிடுச்சு. ஆனா அதுக்கப்புறமும் கோழி, ரொட்டி சாப்பிட்டா நடுவுல சிக்கும், தண்ணி குடிச்சுத் தள்ளுவான். நாங்க பழைய புண்ணோட மிச்சம்னு விட்டுட்டோம். எட்டு மாசம் கழிச்சு ஒரு கோழித்துண்டு மாட்டிக்கிட்டு அவசரப் பிரிவுல எடுத்தாங்க. அப்ப பல இடத்துல சதை எடுத்துப் பாத்தா, ஒவ்வாமை சம்பந்தப்பட்ட ஈசினோஃபில் செல் உணவுக்குழாய்ச் சுவர்ல குவிஞ்சிருக்கு. அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே வீசிங், முட்டை ஒத்துக்காது. ரெண்டும் சேர்ந்து வர்றது உண்டுன்னு டாக்டர் சொன்னாங்க. எது முதல்ல வந்துச்சுன்னு அவங்களாலயும் சொல்ல முடியல.

#24 நுங்கு வண்டி
திங்கள், இரவு 9.10

அக்கா சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. இளவயது ஆண், ஒவ்வாமை உடம்பு, அதன் மேல் ஹெர்பிஸ் என்றால் அந்த இன்னொரு நோயையும் தேட வேண்டும். ஆனால் புண் ரணமாக இருக்கும்போது எல்லாவிதச் செல்லும் கூட்டமாக வந்து நிற்கும், அப்போது எண்ணினால் கணக்குத் தப்பும். ஆறிய பிறகும் சிக்கல் இருந்தால் மறுபடி குழாய் விட்டு, மேலும் கீழுமாக ஆறு துணுக்காவது எடுக்க வேண்டும். நுண்ணோக்கியில் அதிகம் பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரியும் ஒரு வட்டத்துக்குள் 15 ஈசினோஃபிலோ அதற்கு மேலோ இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். பாவடி, உங்களுக்கு வீசிங், தும்மல், அரிப்பு ஏதாவது?

#25 பாவடி
புதன், இரவு 10.15

அதெல்லாம் இல்லீங்க. சாப்பாடு சிக்கறதும் இல்லை.

மருந்து ஆரம்பிச்சு மூணாம் நாள், அதாவது நேத்து, எச்சில் முழுங்க முடிஞ்சுது. இன்னைக்கு மோர்சோறு அரைத் தட்டு. நடுவுல ஒரு இடத்துல மட்டும் லேசா கீறல் மாதிரி. சொம்பை அம்மா புளி போட்டு விளக்கி மறுபடி பூஜை ரூம்ல வச்சுட்டுது, அது தண்ணிச் சொம்பாம், எனக்கு இதுவரைக்கும் தெரியாது.

இன்னொண்ணு. எங்க மாமா பேசாம இருந்தவரு, நேத்து பொண்ணு வீட்டுல என்னமோ சாடையாச் சொல்லிட்டாரு. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ஒரு மணி நேரம் யோசிச்சுட்டு, நுங்கு வண்டி அண்ணன் எழுதின ஒன்பதாம் பதிவை அப்படியே காப்பி பண்ணி அந்தப் புள்ளைக்கு அனுப்பிட்டேன், கூடவே ரிப்போர்ட்டையும், எச்.ஐ.வி. ரிசல்ட்டையும். அனுப்பிட்டு போனைக் கவுத்து வச்சுட்டேன்.

இருபது நிமிசம் கழிச்சுப் பதில் வந்துது. "எனக்கு வருசா வருசம் பரீட்சை டைம்ல உதட்டுல இது வரும். எங்க வீட்டுல பூச்சிக்கடின்னு சொல்லி சுண்ணாம்பு வச்சு விடுவாங்க. அப்ப இதுவும் அதுதானா?" அப்படின்னு.

#26 நுங்கு வண்டி
புதன், இரவு 10.40

அதுவேதான். சுண்ணாம்பு வேண்டாம் என்று சொல்லுங்கள், தோல் வெந்துவிடும். கொப்புளம் இருக்கிற நாட்களில் குழந்தைகளை முத்தமிட வேண்டாம், முக்கியமாகப் பச்சைக் குழந்தைகளை. அந்த வயதில் இது விளையாட்டில்லை. தொட்ட கையோடு கண்ணைக் கசக்கவும் வேண்டாம்.

#27 ராப்பறவை
புதன், இரவு 11.30

மாமாவுக்கு ஒன்பதாம் பதிவு அனுப்பலையா?

#28 பாவடி
வியாழன், காலை 6.50

பிரின்ட் எடுத்து அவரு வண்டி சீட்டு மேல வச்சுட்டு வந்துட்டேன். அவரு பையன்கிட்ட இருந்துதான் எனக்கு வந்திருக்கும்னு டாக்டர் சொன்னதையும் அடியில எழுதிட்டேன்.

#29 கீழவாசல் மணி
வெள்ளி, இரவு 2.05

சார் எனக்கும் இதே பிரச்னை மாதிரி இருக்கு. வயசு 52. நேத்து சாயங்காலத்துல இருந்து நெஞ்சு நடுவுல எரிச்சல், முழுங்கினா வலி இல்லை, சும்மாவே இருக்கு. இடது தோள் வரைக்கும் இழுக்குது. வேர்க்குது. ரோஸ் கலர் சிரப்பு ரெண்டு மூடி குடிச்சேன். காலையில எண்டோஸ்கோபி எடுக்கலாமா, எவ்வளவு செலவு ஆகும்?

#30 மூணாம் ஷிப்டு
வெள்ளி, இரவு 2.07

ட்யூட்டில இருக்கேன், இப்பதான் பாத்தேன். ஐயா, எண்டோஸ்கோபி வேண்டாம். இது இந்த இழையில பேசற விஷயம் இல்லை. இப்பவே 108-க்கு அடிங்க. நீங்க வண்டி ஓட்டாதீங்க, வீட்டுல இருக்கிறவங்களை எழுப்புங்க. போனதும் "நெஞ்சுவலி, ஈ.சி.ஜி. எடுங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. எழுப்பிட்டீங்களா?

#31 கீழவாசல் மணி
வெள்ளி, இரவு 2.11

எழுப்பிட்டேன். மகன் சட்டை போடுறான்.